சுழலும் புள்ளிகளை நிறுத்தத் தெரிய வேண்டும்

2025ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மூன்று மாதங்களில், நோவா-18, நோவா-19, நோவா-15 ஆகிய மூன்று அமெரிக்க வானிலைத் துணைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணி ஓய்வு பெற்றன. இவற்றில் மூத்ததான நோவா-15, 1998ஆம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்டது. 137 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அவை அனுப்பிய மேகப் படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டு உலோகக் கம்பிகள், கணினியில் செருகும் சிறிய வானொலிக் கருவி ஒன்று, இலவச மென்பொருள் ஒன்று. இவ்வளவு இருந்தால் போதும். உலகெங்கும் எத்தனையோ பள்ளி மாணவர்கள் விண்வெளியிலிருந்து தாங்களே பெற்ற முதல் படம் இந்த மூன்றில் ஒன்றிடமிருந்து வந்ததுதான்.

இப்போது அதே அலைவரிசையில் நமக்கு மிஞ்சியிருப்பவை ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசைத் துணைக்கோள்கள். 2023 ஜூனில் ஒன்றும் 2024 பிப்ரவரியில் இன்னொன்றும் ஏவப்பட்டன. அதே கம்பி, அதே கருவி போதும். படமும் நோவா தந்ததைவிடப் பல மடங்கு தெளிவாக இருக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நோவா அனுப்பியது பழைய பாணி அனலாக் சமிக்ஞை. மீட்டியோர் அனுப்புவது டிஜிட்டல் சமிக்ஞை. அதைப் படமாக மாற்ற வேண்டுமானால், துணைக்கோளின் ஊர்தி அலையோடு நம் கருவி அதிர்வெண்ணிலும் கட்டத்திலும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும்.

'இது பல்கலைக்கழகப் பாடம், பள்ளி அறிவியல் கழகத்துக்கு ஒத்துவராது. நோவாவோடு அந்தக் காலம் முடிந்தது' என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்து இதற்கு நேர் எதிரானது. இடைநிலைப்பள்ளி மாணவர் வானொலியைப் பற்றிக் கற்க வேண்டிய மிக நல்ல பாடம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. படிவம் 5 கூடுதல் கணிதத்தில் மனப்பாடம் செய்யும் ஒரு சூத்திரமே அதன் சாவி.

இரண்டு கடிகாரங்கள்

மென்பொருள் வானொலி என்ற எண்ணத்துக்கு 1990களின் தொடக்கத்தில் பெயரும் வடிவமும் கொடுத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஜோசப் மிட்டோலா. பழைய வானொலியில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சுற்று இருக்கும். மென்பொருள் வானொலியில் அலையை எண்களாக மாற்றும் வரைதான் வன்பொருளின் வேலை. மற்றதெல்லாம் கணக்கு. 2012இல் ஆர்வலர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட மலிவான கருவி ஒன்றின் ரியல்டெக் சில்லு, தான் பிடித்த அலையை அப்படியே எண்களாகக் கணினிக்கு அனுப்பக்கூடியது. அன்று முதல் இந்தத் துறை பொறியியலாளர்களின் ஆய்வுக்கூடத்திலிருந்து சாதாரண மேசைக்கு வந்துவிட்டது.

அந்தக் கருவிக்குள் ஒரு சிறிய படிகம் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் அதன் கடிகாரம். துணைக்கோளிலும் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஒத்திசைவுச் சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் சரியான நேரத்தைவிட ஐந்து நிமிடம் முந்தி இருக்கிறது, எப்போதும் அதே ஐந்து நிமிடம் என்றால் அது கட்டப் பிழை. ஒருமுறை முள்ளைத் திருப்பினால் தீர்ந்தது. ஒவ்வொரு நாளும் ஐந்து ஐந்து நிமிடமாக முந்திக்கொண்டே போகிறது என்றால் அது அதிர்வெண் பிழை. இன்று திருப்பி வைத்தாலும் நாளை மறுபடியும் தப்பும். கடிகாரத்தின் ஓட்டத்தையே சரிசெய்தாக வேண்டும். மலாய்ப் பாடநூலில் 'ஃபாசா' என்று படிக்கிறோமே, அதுதான் கட்டம். அதிர்வெண் பிழை என்பது நிமிடத்துக்கு நிமிடம் வளர்ந்துகொண்டே போகும் கட்டப் பிழை. இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டிஜிட்டல் சமிக்ஞையில் செய்தி, ஊர்தி அலையின் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது. நான்கு கோணங்கள் உண்டு: 45, 135, 225, 315 பாகை. ஒவ்வொரு கோணமும் இரண்டு பிட்டுகளைக் குறிக்கும். கணினித் திரையில் இவற்றை வரைந்தால் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளைப் போல் நான்கு புள்ளிக் கூட்டங்கள் தெரியும். 45 பாகைக்கு மேல் அந்தச் சதுரம் திரும்பிவிட்டால், ஒரு மூலையில் உள்ள புள்ளியைக் கருவி பக்கத்து மூலையின் புள்ளி என்று எண்ணிவிடும். படம் போய்விடும்.

மலிவான படிகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு தவறக்கூடும். கேட்பதற்கு மிகச் சிறிய பிழை. 137.9 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 6,900 ஹெர்ட்ஸ். அதாவது நம் சதுரம் நொடிக்கு 6,900 முறை சுழல்கிறது. மீட்டியோர் நொடிக்கு 72,000 குறிகளை அனுப்புகிறது. 6,900ஐ 72,000ஆல் வகுத்து 360ஆல் பெருக்குங்கள். ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையில் சதுரம் 34.5 பாகை திரும்புகிறது. இரண்டே குறிகளில் 69 பாகை. 45 பாகை எல்லை எப்போதோ தாண்டிவிட்டது. நான்கு மூலைகள் தெரிய வேண்டிய திரையில் ஒரு வட்ட வளையம்தான் தெரியும்.

நல்ல படிகம் வாங்கினால் போதாதா? போதாது. துணைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது ஒலி கூர்மையாகவும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதைப் போல, அதன் அதிர்வெண்ணும் மாறும். அடிவானத்தில் எழும்போது ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ் கூடுதல். மறையும்போது அதே அளவு குறைவு. தலைக்கு மேல் கடக்கும் சமயத்தில் மாற்றம் மிக விரைவாக நடக்கும், நொடிக்கு 25 ஹெர்ட்ஸ் அளவில். அதிர்வெண் உயர உயர இது பெரிதாகும். 2018 ஆகஸ்டில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட, மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யுஐடிஎம்சாட்-1 சிறு துணைக்கோள் 437 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசியது. அங்கே இந்த நகர்வு ஏறக்குறைய 10,000 ஹெர்ட்ஸ். ஆகவே நகரும் இலக்கை விடாமல் பின்தொடர வேண்டும்.

சூத்திரம் செய்யும் வேலை

இப்போது கேள்வி. துணைக்கோள் தன் ஊர்தி அலையைத் தனியாக அனுப்புவதில்லை. அதை அனுப்புவது ஆற்றல் வீண். செய்தி தெரியாமல் ஊர்தி அலையைக் கண்டுபிடிக்க முடியாது, ஊர்தி அலை தெரியாமல் செய்தியைப் படிக்க முடியாது. பெட்டியைத் திறக்கும் சாவி பெட்டிக்குள்ளேயே பூட்டிக்கிடக்கிறது. எப்படித் திறப்பது?

முதலில் எளிய வகையைப் பார்ப்போம். இரண்டே கட்டங்கள். அலை நேராக இருந்தால் ஒரு பிட், தலைகீழாக இருந்தால் மற்றொரு பிட். அதாவது கூட்டல் குறியோடு ஒரு கொசைன், அல்லது கழித்தல் குறியோடு அதே கொசைன். இதை வர்க்கப்படுத்துங்கள். கழித்தலும் கழித்தலும் பெருக்கினால் கூட்டல். குறி மறைந்துவிடுகிறது, அதோடு செய்தியும் மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது என்ன? படிவம் 5இல் படிக்கும் இரட்டைக் கோணச் சூத்திரம் விடை சொல்கிறது. ஒரு கோணத்தின் கொசைன் வர்க்கம் என்பது, அரையோடு அந்தக் கோணத்தின் இருமடங்கின் கொசைனில் பாதியைக் கூட்டியது. ஆகவே ஊர்தி அலையைப்போல் இருமடங்கு அதிர்வெண் கொண்ட தூய அலை ஒன்று வெளியே வருகிறது. அதைப் பாதியாக்கினால் ஊர்தி அலை கையில் கிடைத்துவிட்டது.

தேர்வுக்காக மட்டும் எழுதிப் பார்த்து, 'இது எதற்குப் பயன்படும்?' என்று முணுமுணுத்த சூத்திரம் இதுதான்.

நான்கு கட்டங்கள் இருந்தால்? கோணத்தை நான்கால் பெருக்குங்கள். 45 நான்கு மடங்கானால் 180. 135 நான்கு மடங்கானால் 540, ஒரு முழுச் சுற்றைக் கழித்தால் 180. 225 நான்கு மடங்கானால் 900, இரண்டு சுற்றைக் கழித்தால் 180. 315 நான்கு மடங்கானால் 1,260, மூன்று சுற்றைக் கழித்தால் மறுபடியும் 180. எந்தச் செய்தி வந்தாலும் விடை ஒன்றே. இப்போது சதுரம் 10 பாகை திரும்பிவிட்டது என்று வையுங்கள். 55ஐ நான்கால் பெருக்கினால் 220. எதிர்பார்த்த 180ஐவிட 40 கூடுதல். நான்கால் வகுத்தால் 10. பிழை எவ்வளவு என்று நமக்குத் தெரிந்துவிட்டது. துணைக்கோள் என்ன சொன்னது என்பதில் ஒரு சொல்கூட இன்னும் தெரியாது. மீட்டியோர் இப்போது பயன்படுத்துவது இதன் சிறு மாற்று வடிவம். அலையின் இரு கூறுகளும் அரைக் குறி நேரம் தள்ளி வரும். அந்த நேர இடைவெளியைச் சரிசெய்துவிட்டால் அடிப்படை இதே.

இதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. சதுரம் சரியாக 90 பாகை திரும்பிவிட்டால் நான்கு மடங்கில் பிழையே தெரியாது. சதுரத்தைக் கால் சுற்று திருப்பினால் அது அதே சதுரம்தானே! அதனால்தான் ஒவ்வொரு தரவுத் தொகுப்பின் தொடக்கத்திலும் 32 பிட் கொண்ட, முன்பே அறிந்த அடையாளம் ஒன்றைத் துணைக்கோள் அனுப்புகிறது. நான்கு நிலைகளையும் முயன்று பார்த்து, அந்த அடையாளம் எதில் பொருந்துகிறதோ அதைக் கருவி ஏற்கிறது.

கைப்பிடியை எவ்வளவு திருப்புவது?

பிழை தெரிந்தபின் திருத்த வேண்டும். 1956இல் ஜான் கோஸ்டாஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார். இன்றும் அதற்குக் கோஸ்டாஸ் வளையம் என்று பெயர். பிழையை அள, அதில் ஒரு பகுதியைத் திருத்து, மறுபடியும் அள. ஒவ்வொரு குறிக்கும் இதே சுற்று.

ஏன் ஒரு பகுதி மட்டும்? செம்மண் சாலையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு கல்லுக்கும் கைப்பிடியை முழுதாகத் திருப்பினால் விழுவீர்கள். திருப்பவே மாட்டேன் என்றால் வளைவில் வடிகாலுக்குள் போவீர்கள். அளந்த பிழையில் ஒரு பகுதி, இரைச்சல் உண்டாக்கிய போலிப் பிழை. அதிகமாகத் திருத்தினால் வளையம் இரைச்சலைத் துரத்தும். குறைவாகத் திருத்தினால் துணைக்கோளின் நகர்வைத் தவறவிடும். இடைப்பட்ட அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் பொறியியல். நல்ல வளையம் கட்டத்தை மட்டும் திருத்தாமல், 'இது எவ்வளவு வேகமாக நகர்கிறது' என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளும். முள்ளைத் திருப்புவதோடு கடிகாரத்தின் ஓட்டத்தையும் திருத்துவது போல.

பொத்தான் போதும் என்கிறவர்களுக்கு

'இதையெல்லாம் இலவச மென்பொருளே செய்துவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் படம் வருகிறது. எதற்கு இந்தத் தலைவலி?' இது நியாயமான கேள்வி. முதல் நாள் பொத்தானை அழுத்திப் படம் பார்ப்பதில் தவறே இல்லை. ஆசை பிறக்க அது உதவும்.

ஆனால் அனலாக் சமிக்ஞைக்கு இருந்த ஒரு நல்ல குணம் டிஜிட்டலுக்குக் கிடையாது. சமிக்ஞை தேயத் தேய நோவா படத்தில் புள்ளிகள் கூடும், கோடுகள் விழும், ஆனாலும் மேகம் தெரியும். டிஜிட்டலில் ஒன்று படம் முழுதாக வரும், அல்லது ஒன்றுமே வராது. ஏன் வரவில்லை என்று திரை சொல்லாது.

செமோரில் இருக்கும் ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைகள். பக்கத்திலேயே கந்தான் சுண்ணாம்புக் குன்று. துணைக்கோள் தாழ்வாகக் கடந்தால் மலை மறைக்கும். பாறை முகத்தில் பட்டுத் திரும்பும் அலை, நேரே வரும் அலையோடு கலந்து கட்டத்தைக் குலைக்கலாம். சமதரையில் ஒருவர் செய்து காட்டியதை அப்படியே செய்தும் படம் வராமல் போகலாம். பொத்தான் மட்டும் தெரிந்தவர் 'கருவி கெட்டுப்போச்சு' என்று மூடி வைத்துவிடுவார். புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தவர் திரையைப் பார்ப்பார். வளையம் போல் தெரிந்தால் அதிர்வெண் பூட்டவில்லை. நான்கு கூட்டங்கள் தெரிந்து ஆனால் பருத்துப் பரவியிருந்தால் இரைச்சல் அதிகம், கம்பியை மாற்றி வைக்க வேண்டும். சரியாக இருந்து திடீரென்று கலைந்தால் ஏதோ மறைத்துவிட்டது. மருத்துவர் நாடி பார்ப்பதைப் போன்ற திறமை இது. இதைத் தருவது பாடம்தான், பொத்தான் அல்ல.

பெரியவர்களே தவறவிட்ட கதையும் உண்டு. 1997இல் கசினி விண்கலம் ஹைகன்ஸ் என்ற சிறு கலத்தைச் சுமந்துகொண்டு சனிக்கோளை நோக்கிப் புறப்பட்டது. ஹைகன்ஸ், டைட்டன் என்ற சந்திரனில் இறங்கும். கசினி அதன் சமிக்ஞையைப் பிடித்துப் பூமிக்கு அனுப்பும். இரண்டுக்கும் இடையே உள்ள வேகத்தால் ஊர்தி அலை நகரும் என்பதை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள். ஆனால் அதே காரணத்தால் பிட்டுகள் வந்து சேரும் வேகமும் மாறுமே! அதற்குப் போதிய இடம் விடப்படவில்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பொறியியலாளர் போரிஸ் ஸ்மேட்ஸ் பூமியிலிருந்து அந்த நகர்வைப் போலவே சமிக்ஞை அனுப்பிச் சோதித்தபோதுதான் குறை வெளிப்பட்டது. கலம் ஏற்கனவே விண்வெளியில். பெறுவியின் அந்த அளவுகளைப் பூமியிலிருந்து மாற்ற வழியில்லை. கடைசியில் கசினியின் பாதையையே மாற்றினார்கள். டைட்டனிலிருந்து 1,200 கி.மீ. தொலைவில் கடக்க வேண்டியது ஏறக்குறைய 60,000 கி.மீ. தொலைவுக்குத் தள்ளப்பட்டது, நகர்வு குறைய வேண்டும் என்பதற்காக. 2005 ஜனவரி 14ஆம் நாள் ஹைகன்ஸ் இறங்கியது. படங்களும் வந்தன.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு பாடங்கள் தெரிகின்றன. ஒன்று, ஒத்திசைவு வளையம் மென்பொருளில், மாற்றக்கூடியதாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி. இன்னொன்று, 'எல்லாம் தானாக நடக்கும்' என்று விடாமல் உள்ளே எட்டிப் பார்த்த ஒருவரால்தான் அந்தப் பயணம் பிழைத்தது.

இது துணைக்கோளோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு மலேசியா முழுவதும் அனலாக் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. இன்று மைஃப்ரீவியூ பெட்டி, அலைவரிசைக்குள் ஆங்காங்கே அனுப்பப்படும், முன்பே அறிந்த வழிகாட்டிக் குறிகளைப் பார்த்துத் தன் அதிர்வெண்ணையும் கட்டத்தையும் திருத்திக்கொள்கிறது. கைப்பேசியும் கோபுரத்தின் துல்லியமான அலையைப் பார்த்துத் தன் படிகத்தைச் சரிசெய்துகொள்கிறது. இந்த வேலை நடக்காமல் நம் வீட்டில் படமும் இல்லை, பேச்சும் இல்லை. இவ்வளவு நெருக்கமான ஒன்றைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமல் எஸ்.பி.எம். முடித்துவிடுகிறோம்.

ஒரு கருவி, பல பள்ளிகள்

செலவு? ஓரளவு நல்ல கருவி ஏறக்குறைய 150 முதல் 200 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அலைவாங்கிக்கு 53 செ.மீ. நீளமுள்ள இரண்டு உலோகக் கம்பிகளை 120 பாகை விரித்து, 'வி' வடிவில் படுக்கையாக வைத்தால் போதும். ஆனாலும் ஒவ்வொரு மாணவரும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து ஒரு தலைமுறையே ஆன குடும்பங்களில் 200 ரிங்கிட் சிறிய தொகை அல்ல.

இங்கேதான் மென்பொருள் வானொலியின் உண்மையான பலம் உதவுகிறது. பிடித்த அலையைப் பண்பிறக்கம் செய்வதற்கு முன்பே எண்களாகக் கோப்பில் சேமிக்கலாம். துணைக்கோள் ஒருமுறை கடப்பது பத்துப் பதினைந்து நிமிடம். நொடிக்கு இரண்டரை லட்சம் மாதிரிகள் வீதம் பத்து நிமிடப் பதிவு ஏறக்குறைய 300 மெகாபைட். சாதாரண பென்டிரைவில் அடங்கும். செமோரில் ஒரு பள்ளி பதிவு செய்தால், சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் உள்ள பள்ளிகள் அதே கோப்பைக் கொண்டு தங்கள் வளையத்தைத் தாங்களே எழுதிப் பார்க்கலாம். ஒரே சமிக்ஞையை நூறு மாணவர்கள் நூறு விதமாகத் திருத்திப் பார்க்கலாம். தவறினால் கோப்பைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினால் போயிற்று.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பொதுமக்களுக்காக அனுப்பப்படும் வானிலைப் படத்தைப் பெறுவது வேறு, பிறருடைய தனிப்பட்ட தகவல்தொடர்பை இடைமறிப்பது வேறு. பின்னது 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். கழக ஆசிரியர்கள் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

வளையத்தின் கணிதம் முழுவதும் பள்ளி அளவில் அடங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வடிகட்டிகளின் வடிவமைப்பு, இரைச்சலின் புள்ளியியல் எல்லாம் பிறகு வரட்டும். ஆனால் கோணத்தை நான்கால் பெருக்குவது, பிழையில் பத்தில் ஒரு பங்கைத் திருத்துவது, மறுபடியும் அளப்பது ஆகியவை பைத்தன் மொழியில் முப்பது வரிகளுக்குள் அடங்கும். கணினி இல்லாத இடத்தில் கோணமானியும் வரைபடத்தாளும் போதும்.

அறிவியல் விழாக்களை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: யார் அழகான மேகப் படம் கொண்டுவந்தார்கள் என்று பரிசு கொடுக்காதீர்கள். படம் வராத ஒரு பதிவை எல்லாருக்கும் கொடுத்து, ஏன் வரவில்லை என்று யார் காரணத்தோடு சொல்கிறார்களோ அவருக்குப் பரிசு கொடுங்கள்.

மாணவர்களே, நம் தாத்தா பாட்டிகள் விடியலில் பெரட்டுக்குப் போகும்போது வானத்தைப் பார்த்தார்கள். மழை என்றால் அன்று மரம் வெட்டு இல்லை. மேகம் அவர்களுக்குப் பிழைப்பு. அதே மேகத்தை மேலிருந்து காட்டும் கலம் இன்றும் நம் தலைக்கு மேல் போகிறது. அது சொல்வதைக் கேட்க, இந்த வாரம் ஒரு தாளில் நான்கு புள்ளிகளை வரையுங்கள். அவற்றை உங்களுக்குப் பிடித்த கோணத்தில் திருப்பி நண்பரிடம் கொடுங்கள். எவ்வளவு திருப்பினீர்கள் என்று அவர் நான்கால் பெருக்கிக் கண்டுபிடிக்கட்டும். 90 பாகை திருப்பிக் கொடுத்து ஏமாற்றவும் முயலுங்கள். அவர் எப்படி மாட்டிக்கொள்கிறார் என்று பார்த்த பிறகு, அந்த 32 பிட் அடையாளம் எதற்கு என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.